ஓதம் கழுவிக்கொண்டு போகாதா? சுங்கை அப்பி அப்பியும் பச்சைத் தண்ணீரும்

பொங்கோல்வாசி | 24 ஜனவரி 2024, இரவு 10.12

சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் சுங்கை அப்பி அப்பி ஆற்றின் ஓரமாக வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறவன் நான். சில நாள் தண்ணீர் பச்சையாக இருக்கிறது, சில நாள் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) மாதிரி. இந்த ஆறு கடலோடு ஒட்டியே இருக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. அப்புறம் எதற்கு, சத்து சேர்ந்தால் பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகும் என்று சொல்லி, உரம் போடாதே, சோப்புத் தண்ணீரை லோங்காங்கில் (மழைநீர் வடிகாலில்) ஊற்றாதே என்று இவ்வளவு கெடுபிடி? ஜொகூர் நீரிணை பெரியது, எல்லாம் கரைந்து போய்விடும். நீர்த்தேக்கத்துக்கு இந்தக் கவலை நியாயம். ஓதம் ஏறும் ஆற்றுக்கு வீண் வேலை. இது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கரைநடை | 25 ஜனவரி 2024, இரவு 11.30

தைப்பூசம். டாங்க் ரோட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன், கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. பிறகு எழுதுகிறேன். ஒன்று மட்டும்: "கரைந்து போய்விடும்" என்பதில் கரைவது சரி. "போய்" என்பதில்தான் எனக்குத் தகராறு.

கரைநடை | 27 ஜனவரி 2024, இரவு 10.20

இன்று சனிக்கிழமை. பௌர்ணமி கழிந்து ஒரு நாள்தான் ஆகிறது, தண்ணீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். மதியச் சாப்பாடு முடிந்து நடைபாலத்தில் போய் நின்றேன். ஏறிய நீர் திரும்ப ஆரம்பித்திருந்தது. பாலத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் ரப்பர் செருப்பு, இடது கால், கடல் பக்கமாக நிதானமாகப் போனது. பின்னாலேயே ஒரு தேங்காய் மட்டை. (இரண்டும் நான் போட்டவை அல்ல. ஓய்வு பெற்ற காலத்தில் அபராதம் கட்ட எனக்கு வசதியில்லை.) சரி, பொங்கோல்வாசி சொன்னபடி நீரிணைக்குப் போய்ச் சேரட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரவு ஒன்பதரைக்கு மறுபடி போனேன். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. செருப்பு பாலத்துக்கு உள்பக்கம், கண்டல் மரங்களின் மூச்சுவேர்களில் முட்டி முட்டி நின்றது. மதியம் பார்த்த இடத்தைத் தாண்டி இருபது எட்டு உள்ளே! மட்டையைக் காணோம்.

ஒரு செருப்பை வைத்து விஞ்ஞானம் பேசக்கூடாதுதான். ஆனால் ஓதம் ஓர் ஊஞ்சல். ஆட்டும், இறக்கிவிடாது. ஆற்றுத் தண்ணீரை உண்மையில் வெளியே தள்ளுவது மேலிருந்து வரும் மழைநீர். கூடவே ஒவ்வொரு ஆட்டத்திலும் வாய்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் கலப்பு. மழை இல்லாத நாளில் அதே தண்ணீர் போய்ப் போய் வருகிறது. நுண்பாசி வசதி கிடைத்தால் ஒரு நாளில் இரட்டிப்பாகும். தண்ணீர் வெளியேற ஒரு வாரம் எடுத்தால் யார் ஜெயிப்பார்கள்?

கரைநடை | 28 ஜனவரி 2024, காலை 8.15

"செருப்பு ஓரம் ஒதுங்கும், நடு ஆற்றுத் தண்ணீர் அப்படி இல்லை" என்று பொங்கோல்வாசி எழுதியிருக்கிறார். உண்மை. மிதப்பது வேறு, கரைந்தது வேறு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "நீரிணை பெரியது" என்பதை மட்டும் விடமாட்டேன். ஜொகூர் நீரிணை 1924 முதல் கடற்பாலத்தால் (தூண் பாலம் அல்ல, கல் கொட்டிக் கட்டிய கரை) நடுவில் அடைபட்டது. அதற்கு முன் ஒரு பக்கம் நுழைந்த நீர் மறுபக்கம் போகலாம். இப்போது கிழக்குப் பாதி ஒரு முட்டுச்சந்து, மேற்குப் பாதி இன்னொரு முட்டுச்சந்து. இரண்டு கரையின் ஆறுகளும் வாய்க்கால்களும் அதில்தான் இறங்குகின்றன, மீன் பண்ணைகளின் மிச்சத் தீனியும் அதிலேதான். அப்பி அப்பி இந்த முட்டுச்சந்தில் இருக்கிற ஒரு வாசல். குப்பையை வாசலில் தள்ளிவிட்டால் தெருவுக்குப் போகும், தெருவோ வண்டி வெளியே போகாத தெரு.

கரைநடை | 28 ஜனவரி 2024, இரவு 9.50

காலையில் எழுதியதற்குப் பிறகு ஒரு பழைய கதை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

2003 வாக்கில் நான் ஒரு புல்தரைப் பராமரிப்பு காண்ட்ராக்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். பெயர் வேண்டாம். மாதத்துக்கு இத்தனை மூட்டை உரம் போட்டதாகக் கையெழுத்து வாங்கினால்தான் பில் பாஸ் ஆகும். மாதக் கடைசி. மூன்று மணி இருக்கும், மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. லாரியில் 50 கிலோ மூட்டை பன்னிரண்டு, என்பிகே 15-15-15 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்த உரம், ஒவ்வொன்றும் 15 சதவீதம் என்று மூட்டையில் போட்டிருக்கும்). பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் என் குழுவில் இருந்தான். மூட்டையைப் பிரிக்காமல் நின்றான்.

"அண்ணே, ஊர்ல தண்ணிய வடிச்சுட்டுத்தான் யூரியா போடுவோம். மழைய வச்சுக்கிட்டு யாரும் போடமாட்டாங்க."

"இது உன் அப்பன் வயல் இல்லடா, போடு" என்றேன். அந்த வாக்கியம் இன்னும் காதில் நிற்கிறது.

போட்டார்கள். இருபது நிமிடத்தில் கொட்டியது. சரிவில் வெள்ளைக் குருணை உருண்டு உருண்டு வந்தது, ஜவ்வரிசி மாதிரி. லோங்காங்கு விளிம்பில் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக உள்ளே விழுந்ததை நான் ரெயின்கோட்டுக்குள் நின்று பார்த்தேன். அந்த லோங்காங்கு எந்த ஆற்றுக்குப் போகிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது கணக்குப் போட்டேன். ஒரு மூட்டையில் நைட்ரஜன் 7.5 கிலோ, பாஸ்பரஸ் 7.5 கிலோ. பாசியின் உடம்பு ஏறக்குறைய நிலையான கலவை: ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு 16 பங்கு நைட்ரஜன். ரெட்ஃபீல்டு விகிதம் என்று பெயர். ஒரு கிலோ பாஸ்பரஸ் இருந்தால் சுமார் 115 கிலோ உலர்ந்த பாசிக்குப் போதும். ஆக ஒரே மூட்டை 860 கிலோ பாசி! தண்ணீரோடு சேர்த்து நிறுத்தால் அதற்கும் பல மடங்கு.

கரைநடை | 29 ஜனவரி 2024, காலை 7.05

தூக்கம் வரவில்லை, கணக்குத் தப்பு. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, இதை நான் தவறவிட்டது வெட்கம், ஏனென்றால் அந்த மூட்டைகளை வருடக்கணக்கில் தூக்கியவன் நான். உர மூட்டையில் நடுவில் இருக்கும் 15 பாஸ்பரஸ் அல்ல, பாஸ்பரஸ் ஆக்சைடு. அதில் பாஸ்பரஸ் 44 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. எனவே மூட்டைக்கு 7.5 கிலோ அல்ல, சுமார் 3.3 கிலோ.

இரண்டாவது, 16க்கு 1 என்பது அணுக்களின் எண்ணிக்கை. எடையில் ஒன்றுக்கு ஏழு சொச்சம்தான் (நைட்ரஜன் அணு எடை 14, பாஸ்பரஸ் 31. 16 × 14 = 224, அதை 31ஆல் வகுத்தால் 7.2).

திருத்திய கணக்கு: 3.3 கிலோ பாஸ்பரஸ் ஏறக்குறைய 375 கிலோ உலர்பாசிக்குப் போதும். 7.5 கிலோ நைட்ரஜனோ சுமார் 120 கிலோவோடு தீர்ந்துவிடும். எது முதலில் தீர்கிறதோ அதுதான் பாசியின் எல்லை. இந்த மூட்டையில் நைட்ரஜன் முதலில் தீர்கிறது. மூட்டைக்கு 120 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மொத்தமும் அடித்துப் போயிருந்தால். குறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். பன்னிரண்டால் பெருக்கியதும் நிம்மதி போய்விட்டது.

கரைநடை | 29 ஜனவரி 2024, இரவு 8.40

செருப்பு அதே இடத்தில். மட்டை வரவே இல்லை.

கரைநடை | 31 ஜனவரி 2024, இரவு 10.00

காலாங் ஆற்றைப் பற்றிக் கேட்டிருந்தார் ஒரு வாசகர். "சிங்கப்பூர் ஆற்றையே சுத்தம் செய்த ஊர் இது, ஒரு சின்னச் சுங்கைக்கு ஏன் புலம்பல்?"

என் அப்பா பொதுப்பணித் துறையில் கால்வாய் துப்புரவுத் தொழிலாளி. போத்தோங் பாசிர் பக்கம் வேலை. சாயங்காலம் வந்ததும் வீட்டுக்குள் நேரே வரமாட்டார். பின்பக்கம் தொட்டியில் குளித்துவிட்டுத்தான் வருவார், அப்படியும் அந்த வாடை கூடவே வரும். காலாங் படுகையில் அப்போது 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன என்பது பின்னால் படித்த கணக்கு. அப்பா எண்ணியதில்லை, மோந்தார்.

அந்தக் காலத்து ஆறு பச்சை இல்லை, கறுப்பு. இதை நாம் மறந்துவிடுகிறோம். உணவுச்சத்து அங்கே கொட்டிக்கிடந்தது. ஆனால் தண்ணீரில் வெளிச்சம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. பாசி வளரக்கூட ஒரு தகுதி வேண்டும்.

1977 பிப்ரவரியில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங்கிலும் மீன் பிடிக்க வேண்டும் என்று சொன்னார். 1987இல் முடித்தார்கள். தண்ணீரில் மருந்து தெளித்து அது நடக்கவில்லை. பண்ணைகளை எடுத்தார்கள். சுமார் 5,000 தெருக்கடைக்காரர்களை உணவங்காடிகளுக்குள் கொண்டுபோய், பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் சேர்த்தார்கள். 1983இல் தொங்கான்களை (சரக்குப் படகுகளை) பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. அவர்களில் எல்லோரும் சந்தோஷமாகப் போகவில்லை, எங்கள் தெருவில் இருந்த பன்றிக்காரச் சீனப் பாட்டி போகும் நாளில் அழுததை அப்பா கடைசிவரை சொல்லுவார்.

அப்புறம் 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. ஒன்பது மதகு. அதோடு சிங்கப்பூர் ஆறும் காலாங்கும் ஓத ஆறுகளாக இருப்பது முடிந்தது, நன்னீர்த் தேக்கமாயின. ஆக அங்கே இப்போது பாசிக் கணக்கே வேறு. ஊஞ்சலும் இல்லை. தண்ணீர் நின்று நிதானமாக வெயில் காய்கிறது. பொங்கோல்வாசி சொன்ன "நீர்த்தேக்கத்துக்கு நியாயம்" என்பது அங்கே பொருந்தும்.

கரைநடை | 4 பிப்ரவரி 2024, மாலை 6.30

இன்று நவமி. நடக்கப் போனேன். தண்ணீர் ஏறவும் இல்லை வற்றவும் இல்லை என்கிற மாதிரி சோம்பிக் கிடந்தது. பாலத்துத் தூணில் ஈரக்கோடு முழம் அளவுக்குத்தான் நகர்ந்திருந்தது. ஓரங்களில் மெல்லிய பச்சைப் படலம், கையில் எடுத்தால் பட்டாணி வேகவைத்த தண்ணீர் மாதிரி. போன வாரம் இது இல்லை.

அட்டமி நவமியில் ஊர்ப்பயணம் போகக்கூடாது என்று பாட்டி சொல்லுவார். தண்ணீரும் அன்று பயணம் போவதில்லை! அமாவாசை, பௌர்ணமி ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுக்கும், ஓதம் பெரிது. அட்டமி ஒட்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், ஓதம் சிறிது. கலப்பு குறையும். மண் அடியில் படியும், தண்ணீர் தெளியும், வெளிச்சம் இறங்கும். பாசிக்கு வேறென்ன வேண்டும்?

2015 பிப்ரவரி கடைசியில் சாங்கி, பாசிர் ரிஸ் பக்கத்து மிதவைப் பண்ணைகளில் மீன் செத்தது நினைவிருக்கிறதா? சுமார் 600 டன் போனதாகக் கணக்கு வந்தது. பழைய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். வளர்பிறை அட்டமி கழிந்து இரண்டு மூன்று நாள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்போது ஒரு பண்ணையில் கூலி வேலை பார்த்தார். விடியற்காலை போனால் வலைக்குள் கொடுவாய் வயிறு மேலே, களவாய் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு இருந்ததாம். "கறுப்புப் பையில் அள்ளினோம், பை தீர்ந்துபோச்சு, அரிசிச் சாக்கில் அள்ளினோம்" என்றார். ஏன் விடியலில்? பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் தானே மூச்சு வாங்கும். முப்பது டிகிரி உப்புநீரில் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன்தான் இயல்பாகவே நிற்கும், அதில் பாசி தன் பங்கை ராத்திரி முழுக்க எடுத்தால் விடியும்போது மிச்சம் இல்லை. அது போக சில வகைகள், கார்லோடினியம் மாதிரி, மீனின் செவுளையே கெடுக்கும் நஞ்சு வைத்திருக்கின்றன.

கரைநடை | 5 பிப்ரவரி 2024, காலை 6.50

நேற்று எழுதியதைப் படித்தால் அட்டமிதான் குற்றவாளி போலத் தெரிகிறது. அது தவறு. அட்டமி மாதம் இரண்டு தடவை வருகிறது, மீன் மாதம் இரண்டு தடவை சாவதில்லை. தண்ணீர் சோம்புவது கதவைத் திறந்து வைப்பது மாதிரி. உள்ளே சோறு இருந்தால்தான் விருந்தாளி வருவார். சந்திரனை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, சோற்றை முடியும். பொங்கோல்வாசிக்கு என் முழுப் பதிலும் இதுதான், இத்தனை நாள் சுற்றி வந்துவிட்டேன்.

கரைநடை | 11 பிப்ரவரி 2024, மாலை 4.10

சீனப் புத்தாண்டு விடுமுறை. கீழ்வீட்டுக்காரர் கொடுத்த ஆரஞ்சைத் தின்றுகொண்டே எழுதுகிறேன்.

"பாஸ்பரஸை மட்டும் நிறுத்தினால் போதாதா, ஏரிகளில் அப்படித்தானே செய்தார்கள்?" என்று சுற்றுச்சூழல் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் நானே பல வருடம் அப்படித்தான் நம்பினேன். கனடாவில் 1973இல் ஓர் ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையானது. வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றே உலகத்தை ஒத்துக்கொள்ள வைத்தது.

ஓத ஆறு அதற்கு அடங்கவில்லை. அதன் தலை நன்னீர், வால் உப்புநீர். தலையில் பெரும்பாலும் பாஸ்பரஸ் முதலில் தீரும், வாலில் நைட்ரஜன். அமெரிக்காவின் வட கரோலினாவில் நியூஸ் ஆற்றில் 1988இல் பாஸ்பேட் சலவைத்தூளைத் தடை செய்தார்கள். மேலே, நன்னீர்ப் பகுதியில், பாசி குறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அந்த மேல்பாசி அதுவரை தின்றுகொண்டிருந்த நைட்ரஜன் இப்போது தின்பாரின்றிக் கீழே இறங்கி, உப்புநீரில் காத்திருந்த பாசிக்குத் தீனியானது. தொல்லை ஒழியவில்லை, முகவரி மாறியது. பிறகு நைட்ரஜனையும் 30 சதவீதம் குறைக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அதே அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவுக்கு 2010இல் அளவு நிர்ணயித்தபோது இரண்டுக்கும் வரம்பு வைத்தார்கள்: ஆண்டுக்கு 18.59 கோடி பவுண்டு நைட்ரஜன், 1.25 கோடி பவுண்டு பாஸ்பரஸ். கூடவே வண்டலுக்கும். அப்படி ஒரு மொத்த எண்ணை வைத்து, அதை ஆறு ஆறாக, மாநிலம் மாநிலமாகப் பங்கு பிரிப்பதுதான் கஷ்டமான வேலை. அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிற மாதிரி, ஆனால் ஒவ்வொருவரும் தனக்குக் குறைவாக வந்தது என்பதற்குப் பதில் அவனுக்கு அதிகம் விட்டுவிட்டாய் என்பார்கள்.

கரைநடை | 12 பிப்ரவரி 2024, காலை 9.00

தங்கை திருத்தியிருக்கிறார்: தலை, வால் என்கிற பிரிவு நிலையானது அல்ல, மழைக்காலத்தில் கோடு கீழே இறங்கும், வறண்ட மாதத்தில் மேலே ஏறும். சரிதான். எனவே எது முதலில் தீரும் என்பது அதே பாலத்தடியிலேயே மாதத்துக்கு மாதம் மாறலாம். என்னைவிடத் தெளிவாக எழுதுகிறார், இனி அவரே பதில் சொல்லட்டுமா?

கரைநடை | 18 பிப்ரவரி 2024, இரவு 9.15

சொல்லமாட்டாராம், தேர்வு இருக்கிறதாம்.

இரண்டு விஷயம் பாக்கி. "மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி செத்துவிடும், நீச்சல் குளத்தில் போடுகிறோமே" என்று ஒருவர். சாகும். செத்த பாசி மூழ்கி அழுகும், அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், சில நாளில் உடம்பிலிருந்த சத்தெல்லாம் மறுபடி தண்ணீருக்குத் திரும்பும். அடுத்த தலைமுறைக்கு அதே சாப்பாடு. ஊடே தாமிரம் நண்டுக்கும் நத்தைக்கும் விஷம். நீச்சல் குளத்தில் நண்டு வளர்ப்பதில்லை.

அடுத்தது என் சந்தேகம். பொங்கோல்வாசி முதல் நாள் சொன்ன தே தாரிக் நிறம். கட்டுமான இடங்களிலிருந்து மண் அடித்து வராதபடி இப்போது கண்டிப்பு அதிகம், கலங்கல் நீரைத் தேக்கித் தெளியவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். நல்லது. ஆனால் கலங்கல் குறைந்து தே தாரிக் தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆனால் வெளிச்சம் ஆழம் போகும். சத்து அப்படியே இருந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். மண்ணை மட்டும் நிறுத்தி உரத்தை விட்டுவிட்டால் ஆறு முன்பைவிடப் பச்சையாகலாம். இதைச் சொன்னால் மண் கலங்கலே நல்லது என்று ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றாக நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம். யாராவது மறுத்தால் கேட்கிறேன்.

கரைநடை | 25 பிப்ரவரி 2024, காலை 10.40

எவ்வளவு நாளில் பலன் தெரியும் என்று பொங்கோல்வாசி கேட்கிறார். கட்சி மாறிவிட்டார் போல.

நேற்று பௌர்ணமி. இன்று விடியலில் தண்ணீர் அடிவரை வற்றியிருந்தது. கரையோரம் குச்சியால் சேற்றைக் கிளறினேன். மேலே அரை விரல் கனம் பழுப்பு, அதற்குக் கீழே மை மாதிரி கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஒரு பிடாரி நண்டு கோபமாகப் பார்த்தது. அந்த நாற்றத்தில்தான் பதில் இருக்கிறது. கடல்நீரில் சல்பேட் உண்டு. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதைச் சல்பைடாக்கும். சல்பைடு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், அதுவரை இரும்பைக் கட்டிக்கொண்டிருந்த பாஸ்பரஸ் கழன்று தண்ணீருக்கு வரும். அதே சேற்றில் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். உப்பு வாலில் நைட்ரஜன் முதலில் தீர்வதற்கு இந்த இரண்டும் காரணம். சேறு ஒரு கையால் கொடுக்கிறது, ஒரு கையால் எடுக்கிறது.

ஆக மேலே குழாயை இன்று அடைத்தாலும் சேறு பழைய பாக்கியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாஷிங்டன் பக்கத்துப் பொட்டோமாக் ஆறு இதற்கு உதாரணம். 1960களில் அதன் ஓதப் பகுதியில் பச்சைப் பாசி பாய் விரித்த மாதிரி கிடந்தது. 1970களில் கழிவுநீர் நிலையங்களில் பாஸ்பரஸை நீக்க ஆரம்பித்து வெகுவாகக் குறைத்தார்கள். பாசியும் குறைந்தது. 1983 கோடையில் திடீரென்று திரும்பி வந்தது! காரணம் தேடியதில், பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சி உறிஞ்சித் தண்ணீரைக் காரமாக்க, காரம் ஏறியதும் சேற்றில் ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழன்று வந்தது என்று கண்டார்கள். பாசி தனக்குத் தானே சமைத்துக்கொண்டது. அன்றைக்கு விட்டுவிட்டிருந்தால் காசு வீண் என்று ஆகியிருக்கும். விடவில்லை, 2000 வாக்கில் நைட்ரஜனையும் நீக்க ஆரம்பித்தார்கள். நீர்ச்செடிகள் திரும்பின. எனவே கேட்ட கேள்விக்குப் பதில்: வருடக்கணக்கு அல்ல, பத்து வருடக்கணக்கு, நடுவில் ஒரு கோடை மானத்தை வாங்கும்.

கரைநடை | 25 பிப்ரவரி 2024, காலை 10.55

பிடாரி நண்டு என்று ஒன்று கிடையாதாம், என் பேத்தி சொல்கிறாள். நீர்வளை நண்டாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம்.

கரைநடை | 2 மார்ச் 2024, இரவு 8.20

லோரோங் ஹாலுஸ் போயிருந்தேன். பழைய ஆட்களுக்கு அந்தப் பெயரே மூக்கைப் பிடிக்க வைக்கும். இரவு மலம் வாளியில் எடுத்த காலத்தில் அது கொண்டுபோய்க் கொட்டிய இடம், 1987 வரை. குப்பைமேடு 1999 வரை. இப்போது அங்கே ஈரநிலம். மேட்டிலிருந்து கசியும் நீரைக் கோரையும் நாணலும் நிறைந்த பாத்திகள் வழியாக விட்டுச் சுத்தம் செய்கிறார்கள், பக்கத்தில் சிராங்கூன் நீர்த்தேக்கம் இருப்பதால். அது 2011 வரை ஓத ஆற்றின் வாய். மேடு மூடிப் பல வருடம் ஆகியும் கசிவு நிற்கவில்லை. சேற்றுப் பாக்கி பற்றி நான் எழுதியதைவிட இது நன்றாகச் சொல்கிறது.

பொங்கோல் நீர்த்தேக்கத்தில் செங்காங் பக்கம் மிதக்கும் ஈரநிலம் ஒன்று உண்டு, பாதிக் கால்பந்துத் திடல் அளவு. செடிகளின் வேர் தண்ணீரில் தொங்கிச் சத்தை உறிஞ்சும். அழகு. கொக்கு வருகிறது, கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருகிறார்கள். ஆனால் செடி தின்றதை வெட்டி வெளியே எடுத்தால்தான் கணக்கில் கழியும். வாடி அங்கேயே விழுந்தால் வட்டியோடு திரும்பும். மழைத்தோட்டங்கள், லோங்காங்குக்கு முன் நீரை மணலில் வடியவிடும் பள்ளங்கள், இவற்றுக்கும் இதே விதி. பராமரிப்பு ஆள் வராவிட்டால் மூன்றாம் வருடத்தில் அது வெறும் கொசுப் பள்ளம்.

நம் ஊரில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. அதுதான் நமக்குப் பெரிய பலம். அப்பி அப்பிக்குள் சாக்கடை வருவதில்லை. அப்படியானால் வருவது என்ன? புல்தரை உரம், நாய் அசிங்கம், கார் கழுவிய நுரை, தூங்குமூஞ்சி மரத்து இலைக் குப்பை, கடைக்காரர் அவசரத்தில் பின்வாசல் லோங்காங்கில் ஊற்றும் ஒரு வாளி. ஒவ்வொன்றும் சின்னது, பெயர் இல்லாதது. பன்றிப் பண்ணையைக் கை நீட்டிக் காட்டலாம். வாளியைக் காட்ட முடியாது.

கரைநடை | 5 மார்ச் 2024, காலை 7.30

செருப்பைக் காணோம். துப்புரவுப் படகு எடுத்திருக்கலாம். அட்டமி கழிந்த தண்ணீர், மறுபடி அந்தப் பட்டாணிப் பச்சை, போன மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவு. நடுவில் இரண்டு பெரிய மழை பெய்தது. குறைந்ததற்கு அதுவே காரணமா என்று கேட்காதீர்கள், மழை சத்தையும் கொண்டுவரும், தண்ணீரையும் தள்ளும், எது முந்தியது என்று என் கண்ணுக்குத் தெரியாது.

கரைநடை | 9 மார்ச் 2024, இரவு 11.10

இந்த இழையைப் பட்டுக்கோட்டைப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பையன் என்ன, இப்போது நாற்பது தாண்டிவிட்டான், ஊரில் சொந்தமாக நெல்லும் தென்னையும். மூன்று நாள் பதில் இல்லை. இன்று குரல்பதிவு வந்தது.

"அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா பன்னெண்டு மூட்டை இல்ல, பதினாலு. ரெண்ட நான் லாரிக்கு அடியில தள்ளி வச்சேன். மழை விட்டதும் நீங்க பாத்துட்டு, அதையும் போடச் சொன்னீங்க."

கணக்கைப் பதினான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.